எஞ்சின் மாறிய, ஆவணம் இல்லாத ஈ-டைப்: எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

நெடுவழிப்போக்கன்:

வணக்கம். 1966இல் தயாரான, 4.2 லிட்டர் எஞ்சின் கொண்ட முதல் வரிசை ஜாகுவார் ஈ-டைப் ஒன்றை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உடற்பகுதியில் துரு மிகக் குறைவு. ஓட்டிப் பார்த்தபோதும் குறை சொல்லும்படி எதுவும் தென்படவில்லை. ஆனால் சிலிண்டர் பிளாக்கில் உள்ள எண் 7எல் என்று தொடங்குகிறது. டூல் ரோலும் (கருவிகளைச் சுருட்டி வைக்கும் துணிப்பை) ஜாக்கியும் இல்லை, ஸ்டீயரிங் சக்கரம் பிற்காலத்தது. தற்போதைய பதிவுச் சான்றைத் தவிர ஒரு பில்லோ, சர்வீஸ் புத்தகமோ, முந்தைய உரிமையாளர்களைப் பற்றிய குறிப்போ கிடையாது. "நன்றாக ஓடுகிற வண்டிக்குக் காகிதம் எதற்கு?" என்கிறார் விற்பவர். இவை ஒவ்வொன்றுக்கும் விலையில் எத்தனை விழுக்காடு கழித்துக் கேட்பது முறை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரட்டைக்கேம்:

விழுக்காட்டுக் கணக்கில் இறங்குவதற்கு முன், இல்லாத பொருளைப் பின்னால் தேடிப் பெற முடியுமா, முடியாதா என்று பிரித்துப் பாருங்கள். டூல் ரோல், ஜாக்கி, ஸ்டீயரிங் சக்கரம் ஆகியவற்றில் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரிய அடையாளம் எதுவும் இல்லை. அதே காலத்துப் பொருள் ஒன்றைத் தேடிப் பொருத்திவிட்டால் குறை தீர்ந்தது. ஆகவே அவற்றுக்கான கழிவு என்பது வாங்கும் செலவும் அலைச்சலும் மட்டுமே.

எஞ்சின் அப்படிப்பட்டதன்று. 4.2 லிட்டர் ஈ-டைப்பின் முதல் வரிசை எஞ்சின்களின் எண் 7ஈ என்று தொடங்கும். 7எல் என்பது ஜாகுவாரின் எக்ஸ்ஜே6 காருடையது, அந்தக் காரே 1968இல்தான் வெளிவந்தது. எனவே 1966ஆம் ஆண்டு வண்டிக்கு அது பிறவி எஞ்சினாக இருக்க வழியில்லை. இரண்டும் ஜாகுவாரின் எக்ஸ்கே என்ற ஒரே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் ஓட்டத்தில் உங்களுக்கு வேறுபாடு தெரிந்திருக்காது. ஆனால் சேஸிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ் எண்கள் எல்லாம் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்தும் வண்டி ஒரு சந்தை. பொருந்தாத வண்டி வேறொரு சந்தை. முதல் சந்தையின் விலையை எடுத்துக்கொண்டு அதிலிருந்து கழிப்பதைவிட, எஞ்சின் மாறிய ஈ-டைப்கள் என்ன விலைக்குப் போயிருக்கின்றன என்று பார்த்து அங்கிருந்து தொடங்குவதே சரி.

ஈ-டைப்பின் எஞ்சின் எண் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலே மட்டுமின்றி, சிலிண்டர் ஹெட்டின் முன்பகுதியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஹெட்டில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அது 7ஈ என்று தொடங்கினால் பிளாக் மட்டுமே மாறியிருக்கலாம், பழைய பிளாக் எங்கே போனது என்று விற்பவரைத் துருவிக் கேளுங்கள். விரிசல் விட்ட பிளாக்காக இருந்தாலும் அது ஏதேனும் ஒரு கொட்டகையில் கிடந்தால், வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

ஏட்டுக்கணக்கு:

காகிதத்திலும் இதே வகைப் பிரிவு உண்டு. தொழிற்சாலையை விட்டு வண்டி எந்த நிலையில் வெளியேறியது என்பதற்கான சான்றிதழை ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் பழைய பதிவேடுகளைப் பார்த்து வழங்குகிறது. சேஸிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ், உடற்பகுதி எண்களும், முதல் வண்ணமும், அனுப்பப்பட்ட நாளும் அதில் இருக்கும். உரிமைக்கான ஆதாரம் கேட்பார்கள் என்பதால் விற்பவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆனால் அச்சான்றிதழ் வண்டி எப்படிப் பிறந்தது என்று சொல்லுமே தவிர, இன்று உங்கள் முன் நிற்பது அதே வண்டிதான் என்று உறுதி கூறாது.

இடைப்பட்ட அறுபது ஆண்டுகளின் பில்களையும் சோதனைச் சீட்டுகளையும் நிழற்படங்களையும் எந்த அலுவலகமும் மறுபடி தர முடியாது. அக்காலத்து ஓடோமீட்டர்கள் பல ஐந்து இலக்கத்தோடு நின்று மீண்டும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். ஆண்டுதோறும் பதிவான சீட்டுகள் இல்லாவிட்டால் அதில் தெரியும் எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை.

தொடர்ச்சியான வரலாறு எவ்வளவு வலிமையானது என்பதற்கு 1990இல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்த 'ஓல்ட் நம்பர் ஒன்' வழக்கே போதும். 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் அது. பந்தயக் காலத்திலும் அதற்குப் பின்னும் திரும்பத் திரும்ப மாற்றிக் கட்டப்பட்டதால், வென்ற காலத்துப் பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. அதைக் காரணம் காட்டி வாங்குபவர் பின்வாங்கப் பார்த்தார். ஆயினும் வண்டியின் வரலாறு எங்கும் அறுபடவில்லை என்பதால், அது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று நீதிபதி முடிவு செய்தார். உங்கள் வண்டியில் பாகமும் மாறியிருக்கிறது, வரலாறும் அறுந்திருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும் வாய்ப்பு இங்கே இல்லை.

பின்னிருக்கை:

சிறு பாகங்களைப் பற்றி ஒரு சொல். ஈ-டைப்புக்கு மறு தயாரிப்புப் பாகங்கள் தாராளமாகக் கிடைப்பதால் உங்களுக்குப் பெரிய கவலை இல்லை. குறைந்த எண்ணிக்கையில் கட்டப்பட்ட கார்களில் நிலைமை நேர்மாறானது. மெர்சிடிஸ் 300 எஸ்எல் கல்விங் கார்களில் வெப்பத்தைக் குறைப்பதற்காகப் பலர் அடித்தகடுகளைக் கழற்றி எறிந்தார்கள். இன்று அசல் தகடுகளோடு இருக்கும் வண்டியைத் தேடித் திரிகிறார்கள்.

நெடுவழிப்போக்கன்:

அனைவருக்கும் நன்றி. ஹெட்டில் உள்ள எண் 7ஈ என்றே தொடங்குகிறது. பழைய பிளாக் எங்கே என்று தெரியாது என்கிறார் விற்பவர். வேண்டுமானால் இப்போதுள்ள பிளாக்கின் எண்ணைத் தேய்த்துவிட்டு, ஹெட்டில் உள்ள எண்ணையே பொறித்துத் தருவதாகவும் சொல்கிறார். அப்படிச் செய்தால் மதிப்பு கூடுமா?

இரட்டைக்கேம்:

மதிப்பு கூடாது, குறையும். எஞ்சின் மாறியது என்று ஒளிவின்றி விற்கப்படும் வண்டியை வாங்க ஆள் உண்டு. எண்ணைத் தேய்த்துப் பொறித்த தடம் ஒரு முறை தெரிந்துவிட்டால், அந்த வண்டியின் மற்ற எண்கள் மீதும் ஐயம் பரவிவிடும். நாளை நீங்கள் விற்கும்போது அது மோசடிக் குற்றச்சாட்டாகவும் மாறலாம்.

இப்படி ஒரு யோசனையைத் தயங்காமல் சொல்கிறவரிடம் நான் சேஸிஸ் எண்ணையும் நம்பிவிட மாட்டேன். ஈ-டைப்பில் அந்த எண், போல்ட் போட்டு மாட்டப்பட்ட முன்சட்டத்தின் குறுக்குக் குழாயில், வலப்பக்க டாம்பர் (அதிர்வு தணிப்பி) தாங்கிக்கு மேலே இருக்கிறது. மோதலுக்குப் பின் அந்தச் சட்டத்தையே மாற்றுவது வழக்கம். ஆகவே அதையும், உடற்பகுதி எண் கொண்ட தகட்டையும், கியர்பாக்ஸ் உறையில் உள்ள எண்ணையும் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றிதழ் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.