யமஹா ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக் பைக் இன்ஜின் வேலை: இறக்கிப் பார்த்தப்போ சிக்கினது என்ன?

லேத்துப்பட்டறை:
0.50 பிஸ்டன் (கம்பெனி அளவைவிட அரை மில்லிமீட்டர் பெரிசு) புதுசு. 200 கிலோமீட்டர்கூட ஓடல, போர்ல (பிளாக்ல பிஸ்டன் ஓடுற துளை) பிடிச்சுக்கிச்சு. பிளாக்கை முதல்ல 50.50 மில்லிமீட்டருக்குக் கடைஞ்சிட்டு பிஸ்டனை அப்புறமா வாங்கியிருக்காங்க. மேல ஒரே நம்பர் இருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் அளவு கொஞ்சம் மாறும். பிஸ்டனை வாங்கி லேத்துக்காரர் கையில குடுத்துட்டு அப்புறம் பிளாக்கைக் குடுங்க. பிஸ்டனை ராடோட கோக்குற பின்னுக்குக் குறுக்கா, ஸ்கர்ட்ல (பிஸ்டனோட கீழ்ப்பக்கம்) மைக்ரோமீட்டர் வச்சு அளந்து, பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவுல விடுற கேப் சேர்த்து போர் அடிக்கணும். பிளாக் சுவர்ல கலவையும் புகையும் போற துளை, அதான் போர்ட், அது ஓரத்தையும் மழுக்கச் சொல்லுங்க. விரலைக் கீறுற ஓரம் ரிங்கை விட்டுவைக்காது.

நீலப்புகை:
கேப் சரியா இருந்தும் பிடிச்ச பிளாக் நிறைய இருக்கு, அண்ணே. கிராங்கோட மேக்னட் பக்க ஆயில் சீலைப் பாத்தாங்களா? அது கெட்டா வெளிக்காத்து உள்ள போகும், பெட்ரோல் கலவை வறண்டுடும். ஆக்சிலேட்டரை விட்டப்புறமும் இன்ஜின் இறங்காம கத்துறதுதான் அடையாளம். கிளட்ச் பக்க சீல் போனா வேற கதை: வெள்ளைப்புகை வரும், கியர் ஆயில் குறையும்.

கிக்கர்:
"டிங்"னு ஒரு சத்தம். பிஸ்டன் பின்னைப் பிடிச்சு வைக்கிற லாக் கம்பி கிராங்க் கேஸுக்குள்ள விழுந்துடுச்சு. முடிஞ்ச வேலையைத் திருப்பி மொத்தமா பிரிச்சாச்சு. கேஸ் வாயில துணி அடைச்சிட்டு லாக் போடுங்க. பழைய லாக் வேண்டவே வேண்டாம்.

கேக்காமலே ஒண்ணு சொல்றேன். காசு கம்மின்னா சைலன்சர், ஃபில்டர் எல்லாம் அப்புறம். முதல்ல கனெக்டிங் ராடை ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுல கொஞ்சம் ஆடலாம், மேல-கீழ துளிகூட ஆடக்கூடாது. ஆடினா ராடு கிட் (ராடு, பின், பேரிங் சேர்ந்த செட்) போடணும். கேஸ் பிரிக்கிற கூலி ஒண்ணுதான், அதனால ரெண்டு கிராங்க் பேரிங், ரெண்டு சீல் எல்லாம் அப்பவே மாத்திடுங்க. ராடு மாத்திப் பிரஸ் பண்ணின கிராங்கை டயல் கேஜ்ல ஓட்டிப் பாக்காம வாங்காதீங்க, 0.03 மில்லிமீட்டருக்கு மேல முள் ஆடினா திருப்பிக் குடுங்க. பெரிய பிஸ்டன் போட்டா பிக்கப் ஏறும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு: 1.00 ஓவர்சைஸ் போட்டாலும் 98 சிசி 102 ஆகுது, அவ்வளவுதான்.

ஈயக்கம்பி:
பிக்கப்புக்கு ஹெட்டைச் சீவுறாங்களே, அதுல பிஸ்டன் தலை ஹெட்ல இடிச்ச தழும்பைப் பாத்திருக்கீங்களா? பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் எவ்வளவு இடைவெளின்னு தெரிய, பின் இருக்கிற கோட்டுல ரெண்டு ஓரமும் ஈயக்கம்பி வச்சு, ஹெட்டை முறுக்கி, கிக்கரைக் கையால ஒரு சுத்து சுத்துங்க. நசுங்கின கம்பி 1 மில்லிமீட்டர் இருந்தா அதுக்கு மேல சீவாதீங்க. ஆர்எக்ஸ் 135-ஓட பெரிய பிளாக் போடுற ஆசை இருந்தா ஆர்சி ஞாபகம் இருக்கட்டும். ஆர்சில இருக்கிறதுக்கு மாறா வண்டியை மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வரும்.

நீலப்புகை:
லேத்து அண்ணே, அந்த 200 கிலோமீட்டர் பிளாக்ல ஆயில் பம்ப்ல காத்து எடுத்தாங்களா? டியூப்ல குமிழி நின்னா பிஸ்டனுக்கு ஆயிலே போகாது. முதல் டேங்க்ல லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) பெட்ரோல்லயே தனியா கலந்திருந்தாலே தப்பிச்சிருக்கும்.

லேத்துப்பட்டறை:
எடுக்கல. ஆனா போர்ட் ஓரமும் மழுக்கல, அதையும் சேத்துக்கோ.