பெல்ஜியம் பீர் புளிக்குது, கெட்டுப்போச்சா?

தோட்டத்துப்பையன், சுங்கை சிப்புட்:
வணக்கம் எல்லாருக்கும். தீபாவளிக்கு வந்த மாமா பையன் கோலாலம்பூர்லேர்ந்து ஒரு போத்தல் பீர் கொண்டாந்தான், ரோடன்பாக் கிராண்ட் க்ரூ, ஆல்கஹால் 6 விழுக்காடு. நேத்து ராத்திரி ஐஸ்பெட்டியிலேர்ந்து எடுத்து ஊத்துனா பீர் கலரே இல்ல, கருஞ்சிவப்பு. மோந்து பாத்தா காடி, அதான் வினிகர் வாடை, அதுக்குப் பின்னால செர்ரிப் பழம் மாதிரி ஏதோ. ஒரு வாய் குடிச்சதும் தாடையோரம் சுருக்குன்னு இழுத்துருச்சு. வீட்டுக்காரி மோந்துட்டு கெட்டுப்போச்சுங்க ஊத்திடுங்கன்னுட்டா. தேதி இன்னும் முடியல. பாதி போத்தல மூடி வச்சிருக்கேன், இது இப்படித்தானா இல்ல கார்ல வெயில்ல கிடந்து போயிருச்சா?

தைப்பிங்காரன்:
தம்பி ஊத்திடாதீங்க! அது புளிக்கணும்னே செய்யுற பீர். பெல்ஜியத்துல மேற்கு பிளாண்டர்ஸ் பக்கம் ரூசலாரேன்னு ஒரு ஊரு, அங்க 1821லேர்ந்து இந்த பீர் ஆலைய நடத்துறாங்க. ஆளு உசரத்துக்கு மேல நிக்கிற ஓக் மர பீப்பாய் 294 இருக்கு, அதுக்குள்ள ரெண்டு வருசம் ஊறப்போடுவாங்க. கிராண்ட் க்ரூல மூணுல ரெண்டு பங்கு அந்த பழைய பீரு, ஒரு பங்கு புதுசு, கலந்துதான் போத்தல்ல அடைக்கிறாங்க. சிவப்பு கலரு மால்ட்லேர்ந்து வருது, அதான் முளைகட்டி காயவச்ச பார்லி. செர்ரி வாசம் ஊறல்ல வர்றது, பழம் எதுவும் போடறதில்ல.

கள்ளுக்கடை பேரன்:
எங்க தாத்தா எஸ்டேட்ல தென்னை சீவுனவரு, அதனால இத படிச்சதும் மனசு அங்க போயிருச்சு. விடியக்காலையில இறக்குன கள்ளு இனிக்கும், வெயில் ஏற ஏற நுரைச்சுக்கிட்டு வரும், சாயங்காலம் நாக்க இழுக்கும், அப்புறமும் மிஞ்சுனத பாட்டி ஜாடியில ஊத்தி காடியாக்கிருவாங்க, மீன் கழுவ, ஊறுகாய்க்கு. ஈஸ்ட்டு சாராயத்த உண்டாக்கும், கூடவே லாக்டிக் பாக்டீரியா தயிர்ல வர்ற மாதிரி புளிப்பு குடுக்கும், காத்து பட்டா இன்னொரு பாக்டீரியா சாராயத்த காடியாக்கும். கள்ளுல ஒரே நாள்ல ஓடி முடியுறத அவங்க ரெண்டு வருசம் மெதுவா ஓட விடுறாங்க, ஏன்னா ஓக் மரம் காத்த கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ள விடும். எந்த பீப்பா எப்படி ஊறியிருக்குன்னு ருசி பாத்து கலக்குறதுலதான் அவங்க கைப்பக்குவமே இருக்கு, எனக்கு அதுமேல ரொம்ப மரியாதை.

ஈப்போ அக்கா:
மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா புளிச்சா எல்லாமே நல்லதுன்னு விட்டுறக்கூடாது. தாடையில எச்சில் ஊறுனா சரி. தொண்டை எரிஞ்சாலோ நகப்பூச்சு கழுவுற தண்ணி வாடை தூக்கலா அடிச்சாலோ காத்து அதிகம் பட்டிருக்குன்னு அர்த்தம். இன்னொன்னு, இத ஜில்லுன்னு குடிக்காதீங்க, ஐஸ்பெட்டியிலேர்ந்து எடுத்து இருபது நிமிசம் வெளிய வைங்க, குளிர்ல புளிப்பு மட்டும்தான் தெரியும், மர வாசம் அமுங்கிரும். திறந்த போத்தல இன்னைக்கே முடிச்சிருங்க. இவ்வளவு புளிப்பு ஒத்துக்கலன்னா அடுத்த தடவ டச்செஸ் டி பர்கோன் கேட்டு வாங்குங்க, அதே ஜாதிதான், இனிப்பு கூட.

தோட்டத்துப்பையன்:
அக்கா சொன்ன மாதிரியே வெளிய வச்சு இப்பதான் குடிச்சேன், ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டன் பெரட்டல். நேத்து குடிச்சதா இதுன்னு இருந்துச்சு! தொண்டை எரியல. கேஸ் கொஞ்சம் போயிருச்சு, ஆனா மொதல்ல அசாம் பொய், அதான் காயவச்ச புளிப்பு ப்ளம் பழம், வாயில போட்ட மாதிரி இனிப்பும் புளிப்பும், விழுங்குனப்புறம் நாக்கு ஓரத்துல வெத்தல பாக்கு மென்ன மாதிரி ஒரு துவர்ப்பு, அது ஓக் மரமாத்தான் இருக்கணும். கறியில இருந்த எண்ணெய அப்படியே வழிச்சுட்டுப் போகுது. தாத்தா கத சொன்ன அண்ணனுக்கு நன்றி, எங்கப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன், சாயங்கால கள்ளு வாசம்னதும் கிளாஸ வாங்கி மோந்து பாத்துட்டு ரெண்டு வாய் குடிச்சாரு. இன்னொரு போத்தல் கொண்டாரச் சொல்லி மாமா பையனுக்கு மெசேஜ் போட்டாச்சு.