போஸ்ட்கிரெஸ் 8.1 உபுண்டுவில் கம்பைல் ஆகவில்லை, மஞ்சள் கிடங்குக் கணக்கு உள்ளே மாட்டிக்கொண்டது

கிடங்குக்காரன் (ஈரோடு):

வணக்கம். எங்கள் அப்பிச்சி தொடங்கிய மஞ்சள் கிடங்கு. மூட்டை வரவு, வாடகை, விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் 2008 முதல் சென்ட்ஓஎஸ் 5 என்ற லினக்ஸ் போட்ட ஒரே கம்ப்யூட்டரில், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில்தான் இருந்தன. நிரல் எழுதிக் கொடுத்தவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. போன மாதம் இடி இடித்த ஓர் இரவில் மதர்போர்டு போய்விட்டது. ஹார்டு டிஸ்க் பிழைத்துக்கொண்டது. டேட்டா அடைவை (ஃபோல்டரை) அப்படியே நகல் எடுத்து வைத்திருக்கிறேன். உள்ளே பதிப்பு எண் கோப்பைத் திறந்தால் 8.1 என்று ஒரே வரி.

புதுக் கம்ப்யூட்டரில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். போஸ்ட்கிரெஸ் 8.1.23 மூலநிரலை இறக்கி, அதைக் கம்பைல் செய்ய (ஓடும் நிரலாக மாற்ற) முதல் படியான கான்ஃபிகர் கட்டளையை ஓட்டினேன். ‘ரீட்லைன் லைப்ரரி இல்லை’ என்றது. இருக்கிறதே என்று அரை நாள் அதனோடு மல்லுக்கட்டினேன். ஓடுவதற்கான லைப்ரரி வேறு, கம்பைல் செய்யத் தேவைப்படும் ஹெடர் கோப்புகள் வேறு. அவை ‘டெவ்’ என்று பெயர் முடியும் தனிப் பொதியில் வருகின்றன என்பது பிறகுதான் புரிந்தது. இசட்லிப் என்ற இன்னொரு லைப்ரரிக்கும் அதே வைத்தியம்.

இப்போது கம்பைல் செய்யும் மேக் கட்டளையைக் கொடுத்தால், ‘செக்யூர்’ என்று பெயருள்ள சி கோப்பில் ‘இன்கம்ப்ளீட் டைப்’ என்று கத்தை கத்தையாகப் பிழைகள். பழைய அமைப்பில் இணைப்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி இருந்ததால் நானும் அதைச் சேர்த்தேன்.

சிவகிரியிலிருந்து ஒரு பெரியவர் தினமும் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். விலை ஏறட்டும் என்று மூட்டைகளைப் பல வருடமாகப் போட்டு வைத்திருந்தவர். “எம்பட மூட்டை எத்தனைன்னு சொல்லுங்க சாமி” என்கிறார். நான் என்ன சொல்வேன்?

கோவை மாணவன்:

எதற்கு அண்ணா இவ்வளவு சிரமம்? உபுண்டுவிலேயே போஸ்ட்கிரெஸ் 14 கிடைக்கிறது. அதை நிறுவி உங்கள் அடைவைக் காட்டிவிடுங்கள்.

பழைய சர்வர் (பெருந்துறை):

தம்பி, அது நடக்காது. முதன்மைப் பதிப்பு மாறினால் டேட்டா அடைவின் அமைப்பே மாறிவிடும். பதிப்பு எண்ணைப் பார்த்ததுமே சர்வர் எழும்ப மறுக்கும். பழைய பதிப்பின் தரவைப் புதியதற்கு மாற்றும் பிஜி-அப்கிரேடு கருவியும் 8.1-ஐ ஏற்காது.

கிடங்குக்காரரே, உங்கள் பிழைக்குக் காரணம் எளிது. 2016-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1, தன் உள்கட்டமைப்புகளை வெளி நிரல்கள் தொட முடியாதபடி மூடிவிட்டது. 8.1 வந்தது 2005-இல். அது அந்தக் கட்டமைப்புகளுக்குள் நேராகக் கை விடுகிறது. உபுண்டு 22.04-இல் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் 3. கான்ஃபிகர் கட்டளையில் அந்தத் தேர்வை எடுத்துவிட்டால் இந்தப் பிழை போய்விடும். ஒரே அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது தேவையும் இல்லை.

ஆனால் அதைச் செய்யாதீர்கள். முதலில் ஒரு கேள்வி: பழைய கம்ப்யூட்டர் 32 பிட்டா, 64 பிட்டா?

கிடங்குக்காரன்:

டிஸ்கில் உள்ள பொதிகளின் பெயரெல்லாம் ஐ386 என்று முடிகின்றன. 32 என்றுதான் நினைக்கிறேன்.

பழைய சர்வர்:

அதுதான் சங்கதி. நீங்கள் எல்லாப் பிழைகளையும் தாண்டி 64 பிட்டில் கம்பைல் செய்து முடித்தாலும், சர்வரைக் கிளப்பும்போது ‘கண்ட்ரோல் கோப்பின் செக்சம் தவறு’ என்று நின்றுவிடும். டேட்டா அடைவு அது பிறந்த கம்ப்யூட்டரின் பிட் அளவைத் தன் எலும்பிலேயே வைத்திருக்கும். நேர அளவை முழு எண்ணாகச் சேமிப்பதா, மிதவைப் புள்ளியாகச் சேமிப்பதா என்ற கான்ஃபிகர் தேர்வும் பொருந்த வேண்டும். 8.3 வரை இயல்புநிலை மிதவைப் புள்ளி, 8.4-இல்தான் முழு எண்ணுக்கு மாற்றினார்கள். பழைய பொதியைக் கட்டியவர் எதைத் தேர்ந்தார் என்று நாம் ஊகிக்க வேண்டாம்.

ஆகவே கம்பைலை மறந்துவிடுங்கள். மெய்நிகர் கணினி (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஒன்றில் 32 பிட் சென்ட்ஓஎஸ் 5-ஐயே நிறுவுங்கள். ஆதரவு 2017 மார்ச்சில் முடிந்துவிட்டாலும் பழைய பொதிகளைக் காப்பகத் தளத்தில் வைத்திருக்கிறார்கள். அதனோடு வருவதே 8.1. நகலுக்கும் ஒரு நகல் எடுத்து, அந்த இரண்டாம் நகலை உள்ளே வையுங்கள். அடைவின் உரிமையாளர் போஸ்ட்கிரெஸ் பயனராக இருக்க வேண்டும்; அனுமதி 0700 (உரிமையாளர் மட்டுமே தொடலாம்). இல்லாவிட்டால் கிளம்பாது. வெளி நெட்வொர்க்கோடு அதை இணைக்காதீர்கள், அது கதவில்லாத வீடு.

கிளம்பியதும் உபுண்டுவில் உள்ள 14-இன் பிஜி-டம்ப் என்ற ஏற்றுமதிக் கருவியைக் கொண்டு தரவை வெளியே எடுங்கள். 14 வரை உள்ளவை 8.0 வரையான பழைய சர்வர்களோடு பேசும். 15 முதல் 9.2-க்கு முந்தையவற்றைக் கைவிட்டுவிட்டார்கள்.

கிடங்குக்காரன்:

நேற்று இரவு பதினொன்றரைக்கு 8.1 கண்ணைத் திறந்தது! வீட்டில் எல்லோரையும் எழுப்பித் திட்டும் வாங்கினேன்.

டம்ப் வந்துவிட்டது. எண்கள் சரி. விவசாயிகளின் பெயர்கள் மட்டும் ஐரோப்பிய எழுத்துகளில் கோலம் போட்டதுபோல இருக்கின்றன. என்கோடிங் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) ‘எஸ்க்யூஎல் ஆஸ்கி’ என்று காட்டுகிறது.

பழைய சர்வர்:

அந்த என்கோடிங் எந்த பைட்டைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். யூனிகோடு பரவாத காலத்து எழுத்துரு எதிலோ தட்டச்சு செய்திருக்கிறார்கள். அது டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: லினக்ஸில் என்கோடிங் மாற்றும் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும். டம்ப் கோப்பை அதிலிருந்து யூனிகோடு வடிவமான யூடிஎஃப்-8-க்கு மாற்றி, கோப்பின் தலைப்பில் உள்ள கிளையன்ட் என்கோடிங் வரியையும் திருத்திவிட்டு 14-இல் ஏற்றுங்கள். இன்னொரு பழைய முறையான டேப் எழுத்துரு என்றால் வேறு மாற்றி தேட வேண்டும்.

கிடங்குக்காரன்:

டிஸ்கியேதான். பெயர்களெல்லாம் வந்துவிட்டன. உங்களுக்கு ஒரு படி விரலி மஞ்சள் கடன்பட்டிருக்கிறேன்; ஈரோடு பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிவகிரிப் பெரியவர் பெயரில் விரலி 31, கிழங்கு 11, ஆக 42 மூட்டை. அவர் 43 என்று சாதிக்கிறார். அந்த ஒரு மூட்டைக்கு ஐகான்வில் வழி இல்லை. நாளைக் காலை டீ வாங்கிக் கொடுத்து நானே பேசிக்கொள்கிறேன்.