கொழும்பைப் பூதங்கள் பிடிக்கும் நாவல்: மூன்றே அத்தியாயத்தில் நகரம் விழுந்துவிடுகிறது, எப்படித் திருத்துவது?

ஒழுங்கைவாசி:
90,000 சொல் அளவில் ஒரு மிகைபுனைவு நாவல். போர்ட் சிட்டிப் பக்கக் கடலிலிருந்து பூதங்களும் நாகர்களும் ஏறிவருகிறார்கள். இப்போதைய வரைவில் முதலாம் அத்தியாயத்தில் தாமரைக் கோபுரம் சரிகிறது, இரண்டாவதில் புறக்கோட்டை எரிகிறது, மூன்றாவதில் இராணுவம் தோற்கிறது. அதற்குப் பிறகு ஓட்டமும் ஒளிப்பும் மட்டும்தான், பதற்றம் இறங்கிவிடுகிறது. எந்தப் பிறவிகளை எடுப்பது? நகரம் எந்த ஒழுங்கில் செயலிழக்கும்? அரசாங்கம் முதல் இரண்டு கிழமை என்ன செய்யும்?

ஏட்டுச்சுவடி:
உங்கள் பூதங்களுக்கு என்ன வேண்டும் என்பது வரைவில் எங்கேயும் இல்லை. உடைப்பதைத் தவிர வேலை இல்லாத பூதம் மூன்று அத்தியாயத்துக்கு மேல் தாங்காது. நியதியோடு வருகிற பூதம்தான் நீளமான கதைக்கு உதவும்.

அதற்கு வெளியே தேடத் தேவையில்லை. சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் ஐந்து மன்றங்கள், அதாவது தெய்வசக்தி உள்ள பொது இடங்கள், வருகின்றன. பூத சதுக்கத்துப் பூதம் ஆறு வகையாரை மட்டும் கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும்: பொய்த்தவசிகள், தீயொழுக்கத்தை மறைத்து நடக்கும் பெண்கள், வஞ்சக அமைச்சர், பிறன்மனை நயப்போர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர். அதன் குரல் நாலு காவதத் தூரம் கேட்கும் (காவதம் பழைய தூர அளவு). அந்தப் பட்டியலில் திருடன் இல்லை, அவன் வெள்ளிடை மன்றத்துக்குரியவன். அங்கே பெயரும் அளவும் பொறித்த பொதிகள் காவலின்றிக் கிடக்கும். எடுத்தவனுடைய தலையில் பொதி ஏறும், இறக்க முடியாமல் சுற்றிக்கொண்டே இருப்பான். இதைத் துறைமுகக் கொள்கலன் முற்றத்தில் வைத்துப் பாருங்கள்.

மற்ற மூன்றும் தண்டிப்பதில்லை. இலஞ்சி மன்றத்துக் குளம் உடற்குறை தீர்க்கும், நெடுங்கல் நின்ற மன்றம் நஞ்சுண்டவரையும் பித்தரையும் தேற்றும், பாவை மன்றத்துச் சிலை அரசு பிழைத்தால் பேசாமல் கண்ணீர் விடும். இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். நோயாளிகள் பூதங்களின் பக்கம் வரிசையில் நிற்கத் தொடங்கினால் நகரம் தனக்குள்ளேயே இரண்டாகும். படையெடுப்பை விட அது பெரிய கதை.

ஏன் கொழும்பு என்பதற்கும் காரணம் கையிலேயே இருக்கிறது. மணிமேகலையில் புகாரைக் கடல் கொள்கிறது. போர்ட் சிட்டி என்பது 269 ஹெக்டேர் கடலை நிரப்பி எடுத்த நிலம். கடல் கொண்ட நகரத்தின் காவலர்கள், கடலிடம் எடுத்த நிலத்தில் ஏறுகிறார்கள். களனிதிஸ்ஸ மன்னன் பிக்கு ஒருவரைக் கொன்றதால் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்த மகாவம்சக் கதையும் இதே கரையோரத்துக்குரியது. சிங்களப் பாத்திரம் ஒருவரின் வாயில் அது வரட்டும்.

முதல் 12,000 சொல்லுக்கு ஒரே ஒரு பூதம், ஒரே ஒரு சந்தி போதும். சதுக்கம் என்றால் நாற்சந்திதான். ஆமர் வீதிச் சந்தியில் நிறுத்துங்கள்.

மின்கம்பி:
ஏட்டுச்சுவடி சொன்னதோடு உடன்பாடு. இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தயவுசெய்து மந்திரத்தால் கரண்டை நிறுத்தாதீர்கள், கோபுரத்தையும் சாய்க்காதீர்கள். 350 மீற்றர் கோபுரம் விளக்கில்லாமல் நிற்பதுதான் கூடுதல் பயம்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு முழு இலங்கையும் இருண்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பாவனை குறைவு, கூரைச் சூரியமின்சாரம் அதிகம். மின்நிலையங்களின் கனத்த சுழலிகள் கொஞ்சமே ஓடினதால் மின்சாரத்தின் அதிர்வெண்ணைத் தாங்கிப்பிடிக்க ஆளில்லை. மின்சாரம் மாலைக்குள் திரும்பத் தொடங்கினாலும் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் 300 மெகாவாற் இயந்திரங்கள் மூன்றும் மீள நாட்கள் எடுத்தன, அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வந்தது. உங்கள் பூதம் ஞாயிறு நண்பகலில் ஒரு உப மின்நிலைய வேலியைத் தாண்டினால் போதும்.

பிறகு ஒழுங்கு இதுதான். முதலில் லிப்டும் சந்தி விளக்குகளும். சில மணிநேரத்தில் கைத்தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரி இறங்கும், டீசல் உள்ளவை மட்டும் மிஞ்சும். அடுத்தது தண்ணீர்: கொழும்புக்குக் களனி ஆற்றிலிருந்து அம்பத்தளையில் எடுத்துப் பம்ப் பண்ணுகிறார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மேல்தாங்கி வற்றியதும் எட்டாம் மாடிக்கு வாளிதான். மீட்பு பெரும்பாலும் நீர்மின் நிலையங்களிலிருந்து தொடங்கும், ஏனென்றால் பெரிய அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். மலைநாட்டு நீரை நாகர்கள் பிடித்தால் மீட்பே நின்றுவிடும். அது 60,000ஆவது சொல்லுக்குப் பிறகு வர வேண்டிய அடி. முன்னால் செலவழித்துவிடாதீர்கள்.

வாய்க்கால்கரை:
மூன்றாவது கேள்விக்கு விடை வரைபடத்திலும் இருக்கிறது, சட்டத்திலும் இருக்கிறது.

நாகர்களைக் காலிமுகத்திடலில் ஏற்றினால் பீரங்கிக்கு முன்னால் நிற்பார்கள். வெள்ளவத்தை வாய்க்கால் வாயால் விடுங்கள். ரயில் பாலம், மரைன் டிரைவ், காலி வீதிப் பாலம் எல்லாவற்றுக்கும் அடியால் போய், கிருலப்பனை வாய்க்கால் வழியே கோட்டேப் பக்கம் தியவன்னா வாவியை அடையலாம். பாராளுமன்றம் அந்த வாவிக்கு நடுவில்.

அவசரகாலப் பிரகடனத்தை ஜனாதிபதி செய்யலாம். ஆனால் 14 நாளுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அது காலாவதியாகும். அங்கீகரித்தாலும் ஒரு தடவைக்கு ஒரு மாதம்தான். ஆகவே நாகர்கள் ஒருவரையும் கொல்லத் தேவையில்லை, வாவியைச் சுற்றிக் கிடந்தால் போதும். 1982 வரை பாவித்த பழைய பாராளுமன்றக் கட்டடத்தில் கூடலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். அதுவோ காலிமுகத்திடலில், போர்ட் சிட்டிக்கு நேரெதிரே. இந்த 14 நாள்தான் உங்கள் நாவலின் நடுப்பகுதி, நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று பிரியுங்கள்.

ஒழுங்கைவாசி:
நன்றி. நாகர்கள் வாய்க்காலில் போவதை வாசகருக்கு முன்கூட்டியே காட்டலாமா? பூதம் எந்தத் தமிழ் பேசும்?

ஏட்டுச்சுவடி:
நாகர்களைக் காட்டாதீர்கள், தண்ணீரை மட்டும் காட்டுங்கள். மழையில்லாத நாளில் கிருலப்பனையில் வாய்க்கால் மட்டம் ஏறுகிறது, கரையில் உள்ள ஒருவர் சுவரில் சோக்குக்கட்டியால் கோடு போட்டுவைக்கிறார். மூன்று அத்தியாயத்துக்கு ஒரு கோடு.

பூதத்துக்குச் செய்யுள் நடை வேண்டாம், இரண்டு பக்கத்தில் சலித்துவிடும். கேள்வி மட்டும் கேட்கட்டும். ஆறு குற்றத்துக்கும் ஆறு கேள்வி, எல்லாரிடமும் அதே சொற்களில். ஜிந்துப்பிட்டிக்காரர் கொழும்புத் தமிழில் மறுமொழி சொல்வார், வெள்ளவத்தைக்காரர் யாழ்ப்பாணத் தமிழில், மருதானைக் கடைக்காரர் சோனகத் தமிழில். யார் எந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறார் என்பதை நீங்கள் முதலிலேயே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.