அவசரம்: ஜெனரேட்டர் ஓடுது, ஆனா யூபிஎஸ் பேட்டரியிலயே நிக்குது, சேனல் கட் ஆயிடும்

நாகை_கண்ட்ரோல்ரூம் – இரவு 8.52
வணக்கம். லோக்கல் சேனல் கண்ட்ரோல் ரூம். சாயங்காலத்திலிருந்து ஈபி இல்லை, தெருவில் முழங்கால் தண்ணி. ஜெனரேட்டர் நல்லா ஓடுது, லைட் எரியுது, ஏசி ஓடுது. ஆனா யூபிஎஸ் மட்டும் "மெயின்ஸ் ஃபெயில்"னு கத்திக்கிட்டே பேட்டரியில ஓடுது. பேட்டரி தீர்ந்தா சேனல் போயிடும். என்ன பண்ணலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்கோப்_பையன் – 8.55
யூபிஎஸ் எத்தனை கேவிஏ? சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா? ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ?

பேட்டரி_மணி – 8.57
பேட்டரி போயிருக்கும் சார். எஸ்எம்எஃப் (தண்ணி ஊத்தத் தேவையில்லாத, மூடின) பேட்டரி மூணு வருஷம் தாண்டினா உள்ளே சல்ஃபேட் படிஞ்சிடும். 12 வோல்ட் பேட்டரியில லோடு கொடுக்கும்போது எது 10.5-க்குக் கீழே இறங்குதோ அதை மட்டும் தனியா அளந்து எடுங்க. ஒண்ணு போனாலும் மொத்த வரிசையும் போன மாதிரிதான்.

ஸ்கோப்_பையன் – 8.59
மணி அண்ணே, பேட்டரியில ஓடிக்கிட்டு இருக்குன்னுதானே சொல்றாரு. இன்புட்டை ஏன் ஏத்துக்கலைங்கிறதுதான் கேள்வி.

டீசல்_வாத்தியார் – 9.01
முழங்கால் தண்ணின்னு சொன்னதுமே விஷயம் முடிஞ்சது. டீசல்ல தண்ணி கலந்திருக்கு. டேங்க் வென்ட் பைப் வாய் தாழ்வா இருந்தா வெள்ளம் நேரா உள்ளே போகும். இன்ஜின் திணறும், ஆர்பிஎம் இறங்கும், ஃப்ரீக்வென்சி ஆடும், யூபிஎஸ் தள்ளிவிடும். நாலு போல் ஆல்டர்னேட்டருக்கு (கரண்ட் உண்டாக்குற பாகம்) 1500 ஆர்பிஎம்னா 50 ஹெர்ட்ஸ். 1440-க்கு வந்தா 48 ஹெர்ட்ஸ்தான். வாட்டர் செபரேட்டர் (டீசல்ல இருந்து தண்ணியைப் பிரிக்கிற ஃபில்டர்) அடியில இருக்கிற டேப்பைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிங்க. தண்ணி அடியில தனியா நிக்கும். சுத்த டீசல் வர்ற வரைக்கும் வடிங்க, அப்புறம் ஹேண்ட் பிரைமர் அடிச்சு காத்து எடுங்க.

பழைய_அப்லிங்க் – 9.06
வழக்கம்போல ஒரு விவரமும் இல்லாம ஒரு கேள்வி, அளக்காமலே ரெண்டு வைத்தியம். தம்பி, கண்ட்ரோல் ரூம்ல வேலை பாக்குறவர்கிட்ட மல்டிமீட்டர் இருக்கும்னு நம்புறேன். யூபிஎஸ் இன்புட் டெர்மினல்ல ஏழு அளவு எடுங்க: ஆர், ஒய், பிங்கிற மூணு ஃபேஸுக்கு நடுவுல ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர், பிறகு மூணு ஃபேஸும் தனித்தனியா நியூட்ரலுக்கு, கடைசியா நியூட்ரல்-எர்த். யூபிஎஸ் டிஸ்ப்ளேயில ஃப்ரீக்வென்சியும் பாருங்க. அப்புறம் பேசலாம். அப்லிங்க் (சாட்டிலைட்டுக்கு அனுப்புறது) உங்ககிட்டயே இருக்கா?

நாகை_கண்ட்ரோல்ரூம் – 9.09
யூபிஎஸ் 20 கேவிஏ, த்ரீ ஃபேஸ் இன், சிங்கிள் ஃபேஸ் அவுட். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத டைப். ஜெனரேட்டர் 40 கேவிஏ. லோடு இப்ப 8 கிலோவாட். பேட்டரி 25 நிமிஷம் காட்டுது. அப்லிங்க் இல்லை சார், ஃபைபர்ல எம்எஸ்ஓ (பெரிய கேபிள் கம்பெனி) ஹெட்எண்டுக்குப் போகுது. அளந்துட்டு வரேன்.

ஸ்கோப்_பையன் – 9.10
அளக்குறதுக்கு முன்னாடி லோடைக் குறைங்க. ஸ்டுடியோ கேமரா, எடிட் சிஸ்டம், மானிட்டர் சுவர் எல்லாம் ஆஃப். ப்ளேஅவுட் பிசி, என்கோடர், ஃபைபர் டிரான்ஸ்மிட்டர், சுவிட்ச் இது நாலு மட்டும் போதும், 1 கிலோவாட்டுக்குள்ள அடங்கிடும். 25 நிமிஷ பேட்டரி ரெண்டு மணி நேரத்துக்கு மேல தாங்கும். நியூஸ் வாசிக்க வேண்டாம், ஸ்டில் கார்டும் ஸ்க்ரோலும் ஓடட்டும்.

வயர்மேன்_குரு – 9.12
இவ்வளவு யோசனை எதுக்கு? பின்னாடி மெயின்டெனன்ஸ் பைபாஸ் சுவிட்ச் இருக்கும். அதைத் திருப்பினா ஜெனரேட்டர் கரண்ட் நேரா லோடுக்குப் போயிடும். காரியம் முடிஞ்சது.

பழைய_அப்லிங்க் – 9.13
பைபாஸைத் தொடாதீங்க! இது மூணு-இன் ஒண்ணு-அவுட். பைபாஸ் ஒரே ஃபேஸ்ல இருந்து வரும், பெரும்பாலும் ஆர். அந்த ஃபேஸ்ல எத்தனை வோல்ட் இருக்குன்னு தெரியாம திருப்பினா அது அப்படியே என்கோடருக்குப் போகும். இன்வர்ட்டர் ஓடும்போதே மெயின்டெனன்ஸ் பைபாஸைத் திருப்பினா யூபிஎஸ்ஸும் காலி. குரு, அடுத்தவர் சாமான்ல சோதனை வேண்டாம்.

வயர்மேன்_குரு – 9.14
சரிங்க ஐயா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.

கேபிள்_மைந்தன் – 9.16
எனக்கு ஒரு சந்தேகம். ஊரே இருட்டு. டிவி ஓடினா யார் பாப்பாங்க? பேசாம ஆஃப் பண்ணிட்டு மெஷினைக் காப்பாத்தலாமே.

ஸ்கோப்_பையன் – 9.18
ஊர் முழுக்க ஒரே ஃபீடர் இல்லையே. ஒரு சப்ஸ்டேஷன்ல நிறுத்தினாலும் பக்கத்துத் தாலுகாவுல கரண்ட் இருக்கும், அங்கே இருக்கிறவங்கதான் இங்கே என்ன ஆச்சுன்னு பாக்குறாங்க. அதே என்கோடர்ல இருந்துதான் யூட்யூப் லைவும் போகும், அதை போன்ல பாக்குறாங்க.

கேபிள்_மைந்தன் – 9.20
தெருவுல ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வேண்டாமா? கோஆக்ஸ்ல ஒரு ஆம்ப் செத்தா அதுக்குப் பின்னாடி மொத்தமும் போச்சு.

ஃபைபர்_ராணி – 9.22
வீடு வரைக்கும் ஃபைபர் போயிருந்தா தெருவுல கரண்டே வேண்டாம் அண்ணே. ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டருக்குப் பவர் கிடையாது. இந்தப் பக்கம் டிரான்ஸ்மிட்டரும் ஈடிஎஃப்ஏவும் (ஃபைபர்ல ஒளியைப் பெருக்குற ஆம்ப்), அந்தப் பக்கம் வீட்டுப் பெட்டியும் உயிரோட இருந்தா படம் வரும். கோஆக்ஸ் லைன்ல நீங்க சொல்றது சரி. ஆனா 2018 கஜா புயல்ல டெல்டாவுல கம்பமே படுத்துடுச்சு, அதுல தொங்கின ஃபைபரும் சேர்ந்துதான் போச்சு. அங்கே பவர் இருந்தும் புண்ணியமில்லை.

நாகை_கண்ட்ரோல்ரூம் – 9.24
லோடு குறைச்சாச்சு. அளவு:
ஆர்-ஒய் 414, ஒய்-பி 415, பி-ஆர் 415
ஆர்-நியூட்ரல் 260, ஒய்-நியூட்ரல் 210, பி-நியூட்ரல் 252
நியூட்ரல்-எர்த் 31
ஃப்ரீக்வென்சி 50.4, நிலையா இருக்கு.

பழைய_அப்லிங்க் – 9.27
இதைத்தான் முதல்லயே கேட்டிருக்கணும். ஃபேஸுக்கு ஃபேஸ் மூணும் 415, அப்ப ஆல்டர்னேட்டரும் ஏவிஆரும் (வோல்டேஜைச் சீரா வெக்கிற போர்டு) சரி. ஃப்ரீக்வென்சி ஆடலை, அப்ப டீசலும் சரி. நியூட்ரலுக்கு அளந்தா மட்டும் 260, 210, 252. ஜெனரேட்டர்ல இருந்து வர்ற நியூட்ரல் எங்கேயோ தளர்ந்து பாதி விட்டுப்போச்சு, அந்தரத்துல மிதக்குது. லோடு அதிகமா இருக்கிற ஃபேஸ்ல வோல்டேஜ் இறங்கும், குறைவா இருக்கிறதுல ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத யூபிஎஸ் ஃபேஸ்-நியூட்ரலைத்தான் பாக்கும். 230-க்குப் பத்து சதவீதம்னு செட் பண்ணியிருந்தா மேல் எல்லை 253. ஆர் 260, அதான் தள்ளுது. யூபிஎஸ் தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது.

முதல் வேலை: ஏசி, லைட்டுன்னு ஜெனரேட்டர்ல நேரா இருக்கிற சிங்கிள் ஃபேஸ் சாமான் எல்லாத்தையும் எம்சிபியில ஆஃப் பண்ணுங்க. நியூட்ரல் முழுசா விட்டா 260 இன்னும் ஏறும். அடுத்து ஜெனரேட்டரை நிறுத்தி, ஸ்டார்ட்டிங் பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க, யாரும் தெரியாம ஸ்டார்ட் பண்ணக்கூடாது. சேஞ்ச் ஓவர் (ஈபியா ஜெனரேட்டரான்னு மாத்துற சுவிட்ச்) ஈபி பக்கமும் ஐசொலேட் ஆகணும், திடீர்னு ஈபி வந்துடும். டெஸ்டரை நம்பாம மீட்டர்ல அளந்து, லைன் செத்துடுச்சுன்னு தெரிஞ்ச பிறகு கை வைங்க. தண்ணியில நின்னுக்கிட்டு பேனல் திறக்காதீங்க.

பார்க்க வேண்டிய இடம் நாலு: ஆல்டர்னேட்டர் டெர்மினல் பாக்ஸ்ல ஸ்டார் பாயின்ட் (மூணு ஃபேஸ் சுருளும் சேர்ற இடம்), அங்கிருந்து வர்ற நியூட்ரல் லக் (கேபிள் முனையில மாட்டுற உலோகக் கண்ணி), நாலு போல் சேஞ்ச் ஓவர்ல நியூட்ரல் காண்டாக்ட், யூபிஎஸ் இன்புட் நியூட்ரல். கடலோரத்துல என் பந்தயம் சேஞ்ச் ஓவர் மேல.

ஸ்கோப்_பையன் – 9.29
ஜெனரேட்டர் நியூட்ரலுக்கு ரெண்டு எர்த் குழி, பாடிக்கு ரெண்டு, அது இருக்கான்னும் பாருங்க. தண்ணி நிக்கிற குழியில எர்த் கெட்டுப்போகாது. ஆனா குழியில இருக்கிற க்ளாம்ப் அரிச்சுப் போயிருக்கும்.

டீசல்_வாத்தியார் – 9.31
50.4 நிலையா இருக்குன்னா இப்போதைக்கு டீசல் சரின்னு ஒத்துக்கிறேன். இன்னும் மூணு மணி நேரம் கழிச்சுப் பேசுவோம். டேங்க் அடியில இருக்கிற தண்ணி டீசல் குறையக் குறையத்தான் உள்ளே வரும். 40 கேவிஏ அரை லோடுல மணிக்கு 5, 6 லிட்டர் குடிக்கும். செபரேட்டரை வடிச்சுடுங்க.

கேபிள்_மைந்தன் – 9.34
ஜெனரேட்டரை மொட்டை மாடியில வெச்சா இந்தப் பிரச்சனையே இல்லையே?

டீசல்_வாத்தியார் – 9.37
கனோபியோட (மேல் மூடுற பெட்டி) 40 கேவிஏ ஒரு டன் அளவுக்கு இருக்கும். எந்த ஸ்லாப் தாங்கும்? அதிர்வு வேற. டீசல் கேனை மாடிக்குத் தூக்குறது யாரு?

ஃபைபர்_ராணி – 9.40
மாடி வேண்டாம், மேடை போதும். போன பெருவெள்ளத்துல சுவர்ல தெரியுற கறைக்கு மேல ரெண்டு அடி. ஆனா அதையும் வெள்ளம் தாண்டும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. கனோபிக்குள்ள முதல்ல நனையுறது கீழே இருக்கிற ஸ்டார்ட்டிங் பேட்டரியும் கண்ட்ரோலரும்தான். அதை மட்டுமாவது தனியா உயரத்துல மாட்டலாம்.

வயர்மேன்_குரு – 9.43
டீசல் நிறைய வாங்கி வெச்சா லைசென்ஸ் கேப்பாங்களே?

பழைய_அப்லிங்க் – 9.45
பெட்ரோலியம் சட்டப்படி டீசல் மாதிரி பி வகுப்புக்கு மொத்தம் 2500 லிட்டருக்குள்ள, எந்தக் கலனும் 1000 லிட்டருக்கு மேல போகாம இருந்தா லைசென்ஸ் வேண்டாம். அதான் எல்லாரும் 990 லிட்டர் டேங்க் வெக்கிறாங்க. லோக்கல் சேனலுக்கு 200 லிட்டர் பேரல் ஒண்ணு போதும், அதையும் உயரத்துல கட்டி வைங்க. காலி பேரல் வெள்ளத்துல மிதந்து போயிடும்.

நாகை_கண்ட்ரோல்ரூம் – 10.21
சேஞ்ச் ஓவர்ல நியூட்ரல்தான். லக் கருகி, காண்டாக்ட் பச்சையா பூத்திருந்தது. புது லக் க்ரிம்ப் பண்ணி, காண்டாக்ட் தேய்ச்சு இறுக்கியாச்சு. இப்ப 239, 240, 238. நியூட்ரல்-எர்த் 1.4. யூபிஎஸ் ஏத்துக்கிச்சு, சார்ஜ் ஆகுது. சேனல் கட் ஆகலை. எல்லாருக்கும் நன்றி.

ஸ்கோப்_பையன் – 10.24
அருமை. சார்ஜர் கரண்டைக் கொஞ்சம் குறைச்சு வைங்க. காலியான பேட்டரியும் முழு லோடும் சேர்ந்து ஜெனரேட்டர் மேல ஏறும். ஸ்டுடியோவை ஒவ்வொண்ணா ஆன் பண்ணுங்க.

பழைய_அப்லிங்க் – 10.28
லக் சும்மா கருகாது. ஜெனரேட்டர்ல இருந்து வர்ற கேபிள் மூன்றரை கோரா (நியூட்ரல் பாதி சைஸ்), நாலு கோரா (நியூட்ரலும் முழு சைஸ்)? ஸ்டுடியோ எல்இடி லைட்டும் எடிட் பிசியும் யூபிஎஸ் இல்லாம நேரா இதுல ஓடுதா? அந்த மாதிரி லோடுல மூணாவது ஹார்மோனிக் (50-க்கு மூணு மடங்கு, 150 ஹெர்ட்ஸ் கரண்ட்) மூணு ஃபேஸ்லயும் ஒண்ணா சேர்ந்து நியூட்ரல்ல வரும், ஃபேஸ் கரண்டைவிட அதிகமாக்கூடப் போகும். நியூட்ரல் அரை சைஸ்னா புது லக்கும் கருகும். க்ளாம்ப் மீட்டர்ல நியூட்ரலை அளந்து சொல்லுங்க.

டீசல்_வாத்தியார் – 11.05
செபரேட்டரை வடிச்சீங்களா?

பழைய_அப்லிங்க் – காலை 7.40
தம்பி, கேபிள் எத்தனை கோர்?