ஸ்கைலைன் டிரைவில் ஆர்வி ஓட்டியவர்கள் உதவுங்கள்

வணக்கம். மே முதல் வாரம் ஒரு 30 அடி ஆர்வியை (உள்ளேயே படுத்துத் தங்கும் வசதியுள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். ஃப்ரன்ட் ராயல் ஊரில் தொடங்கி, ஸ்கைலைன் டிரைவ் என்ற மலைச்சாலையின் 105 மைலும் ஓட்ட ஆசை. டிரில்லியம் பூத்திருக்கும் சமயம் என்று அம்மா இந்த வாரத்தைத்தான் கேட்டார்.

என் பயமெல்லாம் 32-வது மைல் பக்கம் வரும் மேரிஸ் ராக் சுரங்கம். உயரம் 12 அடி 8 அங்குலம். கூரை ஏசியோடு சேர்த்து எங்கள் வண்டி 12 அடி. கணக்குப்படி தாண்டிவிடும், ஆனால் மனசு கேட்கவில்லை. நீங்கள் எப்படி ஓட்டினீர்கள்?

அப்புறம், பிக் மெடோஸ் முகாமில் மின் இணைப்பு கிடையாது, இரவில் ஜெனரேட்டரும் போடக்கூடாது. அப்பாவுக்கு 72 வயது, குளிர் ஆகாது. ராத்திரியை எப்படிச் சமாளித்தீர்கள்? மூடுபனியில் ஓட்டியவர்களும் எழுதுங்கள்.