லைவ்வயர் பக்கத்தில் லோடிங்: முழுத்திரை மூடாப்பா, பட்டனுக்குப் பட்டன் தனியா?

வாலாஜா_வேணு:
பேர்ணாம்பட்டு தோல் கிடங்கு ஒன்றின் இருப்புப் பதிவேடு. பிஎச்பி-யின் லாராவெல், அதன் மேல் பக்கத்தை முழுதாக ஏற்றாமலே மாற்றும் லைவ்வயர் 3. ஒரே காம்பொனென்ட்டுக்குள் (பக்கத்தில் தனியாக இயங்கும் ஒரு பகுதி) 50 வரி: லாட் எண், துண்டு, சதுர அடி, கடைசியில் ‘அனுப்பு’ பட்டன், அதற்குள்ளேயே வயர்:லோடிங் (பதில் வரும் வரை மட்டும் காட்டும் குறி) போட்ட ஸ்பின்னர், அதாவது சுற்றும் வட்டம். மேலே தேடல் பெட்டி. ஒரு லாட்டை அனுப்பினால் ஐம்பதும் சுற்றுகிறது. யாரும் தொடாமல் இருந்தாலும் அடிக்கொரு தரம் மினுக்குகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழுத்திரைக்கு ஒரே மூடாப்பு போட்டுவிடலாமா?

ஆம்பூர்_அஸ்லம்:
தாராளமா போடுங்க. இது சரக்குக் கணக்கு. ‘அனுப்பு’ அழுத்தினதுக்கு அப்புறம் பதில் வர்ற வரைக்கும் வேற எதையும் தொட விடக்கூடாது. கிடங்கில் போன் சிக்னல் ரெண்டு கட்டைதான் இருக்கும். பட்டன் ஓரத்தில் சின்னதா ஒன்று சுற்றினால் யார் கவனிக்கிறாங்க? திரையே மங்கினால்தான் கையை எடுப்பாங்க.

குடியாத்தம்_கோமதி:
அஸ்லம் பாய், நோயைப் பார்க்காம போர்வையைப் போர்த்தச் சொல்றீங்களே! வேணு, வயர்:டார்கெட் (எந்தச் செயலுக்கு எழணும்னு சொல்றது) இல்லாத வயர்:லோடிங், அந்தக் காம்பொனென்ட் சர்வருக்கு விடுற எந்த ரிக்வெஸ்டுக்கும் எழுந்திருக்கும். ஐம்பதும் சுற்றக் காரணம் அதுதான். டார்கெட்டில் வெறும் அனுப்பு என்று எழுதினாலும் போதாது, ஐம்பது வரியும் அதே மெத்தடைத்தானே கூப்பிடுது? அனுப்பு, அடைப்புக்குள் அந்த வரியின் ஐடி, இப்படி ஆர்க்யுமென்ட்டோட எழுதணும். அப்போ அந்த ஒரு வரி மட்டும் சுற்றும்.

யாரும் தொடாம மினுக்குதுன்னா காம்பொனென்ட்டில் வயர்:போல் இருக்கான்னு பாருங்க. நேரம் எதுவும் கொடுக்கலைன்னா 2.5 நொடிக்கு ஒருமுறை அது ரிக்வெஸ்ட் விடும். இதே நிலையில் பாய் சொல்ற மூடாப்பைப் போட்டால் 2.5 நொடிக்கு ஒருமுறை திரையே மங்கும்.

வாலாஜா_வேணு:
ஆமாம் அக்கா, வயர்:போல் இருக்கிறது.

ஆம்பூர்_அஸ்லம்:
சரி, மூடாப்புக்கும் டார்கெட் கொடுத்துட்டா போச்சு, அது ஒரு பெரிய விஷயமில்ல. என் கேள்வி வேற. ஒருத்தர் டபுள் கிளிக் பண்ணா? லைவ்வயர் ரெண்டாவது கிளிக்கைத் தூக்கிப் போடாது. முதல் ரிக்வெஸ்ட் முடியுற வரைக்கும் வரிசையில் நிறுத்தி, அப்புறம் ஓட்டும். ஒரே லாட் ரெண்டு தரம் கழிஞ்சிடும். வயர்:சப்மிட் வச்ச ஃபார்ம்னா அதுவே சப்மிட் பட்டனை டிசேபிள் பண்ணிடும். வயர்:கிளிக்குக்கு அந்தக் காவல் கிடையாது.

குடியாத்தம்_கோமதி:
இது நியாயமான கவலை. ஆனா மூடாப்பு அதுக்கு மருந்தில்லை. மேலே ஒரு டிவ் விரிச்சா மவுஸும் விரலும்தான் தடைபடும். ஃபோகஸ் இன்னும் அதே பட்டனில்தான் நிற்குது, என்டர் தட்டினா மறுபடி போகும். அடியில் இருக்கிறதுக்கு இனெர்ட் அட்ரிபியூட் கொடுத்தாதான் கீபோர்டும் நிற்கும். அதைவிட, அந்தப் பட்டனிலேயே வயர்:லோடிங்.attr வச்சு டிசேபிள் பண்ணுங்க, டார்கெட்டில் அதே ஐடியோட.

அதுவும் முகப்புக் காவல்தான். இதே பக்கத்தை ரெண்டு டேபில் திறந்து வச்சிருந்தா என்ன பண்ணுவீங்க? கடைசிப் பூட்டு டேட்டாபேஸில் இருக்கணும்: ‘நிலை இன்னும் கையிருப்பு என்றால் மட்டும் மாற்று’ன்னு நிபந்தனையோட அப்டேட் ஓட்டி, எத்தனை வரி மாறிச்சுன்னு பார்க்கணும். பூஜ்யம் வந்தா லாட் ஏற்கெனவே போயாச்சு. டிரான்சாக்‌ஷனுக்குள்ளே, வரியைப் பூட்டுற லாக்ஃபார்அப்டேட் போட்டும் செய்யலாம்.

காட்பாடி_ஜானகி:
நடுவில் ஒன்று. டிசேபிள் பண்ணச் சொன்னதைப் பார்த்துட்டு தேடல் பெட்டிக்கும் அதையே செஞ்சுடாதீங்க. வயர்:மாடல்.லைவ், தட்டி நிறுத்தின 150 மில்லிசெகண்டில் ரிக்வெஸ்ட் விடும். அந்த நேரம் பெட்டி டிசேபிள் ஆனா ஃபோகஸ் போயிடும், ஆள் தட்டுற அடுத்த எழுத்து எங்கேயும் விழாது. தமிழில் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுறவங்களுக்கு இன்னும் மோசம்: ‘பேர்’ வரைக்கும் வந்த சொல் பாதியில் அறுந்துடும். பெட்டியைத் திறந்தே விடுங்க. பழைய வரிகளை வயர்:லோடிங்.கிளாஸ் வச்சு லேசா மங்க வைங்க, டார்கெட்டில் தேடல் ப்ராப்பர்ட்டி.

அந்த மங்கலுக்கும் பட்டன் ஸ்பின்னருக்கும் டிலேயும் (காட்டுறதுக்கு முன்னாடி சின்னக் காத்திருப்பு) சேருங்க. வெறும் டிலேன்னா 200 மில்லிசெகண்ட், லாங் சேர்த்தா 300, லாங்கர் 500. அதுக்குள்ளே பதில் வந்துட்டா ஸ்பின்னர் தலையே காட்டாது.

ஆம்பூர்_அஸ்லம்:
தேடலுக்கு டிலே சரி. ‘அனுப்பு’க்கு வேணாம். அழுத்தின உடனே பட்டன் மாறணும். யூசபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993லேயே கணக்கு சொல்லிட்டார்: 0.1 நொடிக்குள் நடந்தா உடனடின்னு தோணும், 1 நொடி வரைக்கும் யோசனை அறுபடாது, 10 நொடி தாண்டினா கவனம் வேற பக்கம் போயிடும். 200 மில்லிசெகண்ட் சும்மா நின்னாலே கை ரெண்டாவது தரம் போகும்.

காட்பாடி_ஜானகி:
அதுல பாய் பக்கம்தான் நான். டிசேபிள் உடனே, ஸ்பின்னர் டிலேயோட. டிசேபிள் பட்டனில், டிலே அதுக்குள்ளே இருக்கிற ஸ்பின்னரில். ரெண்டும் தனித்தனி அட்ரிபியூட், ஒன்னா இருக்கலாம்.

ஸ்பின்னருக்கு இடத்தையும் முன்னாடியே ஒதுக்கி வைங்க. வயர்:லோடிங் மறைக்கும்போது டிஸ்ப்ளே நன், காட்டும்போது இன்லைன்-பிளாக். அதனால ஸ்பின்னர் வந்ததும் பட்டன் அகலமாகி அந்த வரியே துள்ளும். பட்டனுக்கு மின்-வித் (குறைந்தபட்ச அகலம்) கொடுத்தா போதும். ஃப்ளெக்ஸ் வச்சு நடுவில் நிறுத்தின ஸ்பின்னர் ஓரமா ஒதுங்கினா வயர்:லோடிங்.ஃப்ளெக்ஸ்னு எழுதணும்.

வாலாஜா_வேணு:
ஒவ்வொரு வரியையும் தனி சைல்டு காம்பொனென்ட் ஆக்கிவிட்டால் டார்கெட் தொல்லையே இருக்காதே?

குடியாத்தம்_கோமதி:
இருக்கும், வேற ரூபத்தில். சைல்டில் இருந்து டாலர்-பேரன்ட் (மேல இருக்கிற காம்பொனென்ட்டைக் கூப்பிடுற வழி) மூலமா அனுப்பு கூப்பிட்டா ரிக்வெஸ்ட் பேரன்ட்டோடது. சைல்டுக்குள்ளே இருக்கிற வயர்:லோடிங் அசையவே அசையாது. 50 வரிக்கு 50 காம்பொனென்ட், ஒவ்வொன்னுக்கும் ஸ்னாப்ஷாட் (அதன் நிலையின் நகல்), பக்கம் கனத்துப் போகும். இந்தப் பட்டியலுக்கு அவ்வளவு தேவையில்லை.

ஆம்பூர்_அஸ்லம்:
சிக்னல் பாதியில் செத்தா? உங்க சின்ன ஸ்பின்னர் சுற்றிக்கிட்டே இருக்கும்.

குடியாத்தம்_கோமதி:
உங்க மூடாப்பும்தான் பாய், ஆளை உள்ளே பூட்டிட்டுச் சுற்றும். ரிக்வெஸ்ட் போற ஃபெட்ச்சுக்குத் தானா டைம்அவுட் கிடையாது. வயர்:ஆஃப்லைன் இருக்கு, ஆனா பிரவுசரே ‘நெட் இல்லை’ன்னு சொன்னாதான் அது விழிக்கும். இழுத்துக்கிட்டு இருக்கிற சிக்னலுக்கு விழிக்காது. 10 நொடி தாண்டினா ‘இன்னும் பதில் வரவில்லை, பக்கத்தைப் புதுப்பித்து லாட் நிலையைப் பாருங்கள்’னு ஆல்பைனில் (லைவ்வயரோட வர்ற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் கருவி) ஒரு வரி காட்டுங்க. ‘மீண்டும் அனுப்பு’ன்னு மட்டும் எழுதாதீங்க.

ஆம்பூர்_அஸ்லம்:
அந்த டேட்டாபேஸ் நிபந்தனை இருந்தா மூடாப்பு இல்லாமலும் ஓட்டலாம், ஒத்துக்கிறேன். மாசக் கடைசி இருப்பு முடிக்கிற பட்டனுக்கு மட்டும் நான் திரையை மூடத்தான் செய்வேன். அந்த நேரம் யாரும் எண்ணைத் திருத்தக் கூடாது.

காட்பாடி_ஜானகி:
வேணு, சோதிக்கும்போது அனுப்பு மெத்தடின் முதல் வரியா ஸ்லீப் 2 (2 நொடி தாமதம்) போட்டுப் பாருங்க. லோக்கலில் எல்லாம் பறக்கும், டிலேக்குள்ளேயே முடிஞ்சிடும், ஸ்பின்னர் வேலை செய்யுதான்னே தெரியாது. ஏத்துறதுக்கு முன்னாடி அந்த வரியை மறக்காம எடுத்துடுங்க.